காட்சிக்கு வைத்த பால்மா டின்கள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, என்னை இங்கே கூப்பிட்டவர் "நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் சேர்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நல்லதெல்லாம் என் சேவைக் கோவையில் இருக்கிறது, தூசி தட்டி வாசித்துக்கொள்ளுங்கள். நான் கெடுத்த ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். மாதிரி எடுப்பது எப்படி, எடுத்ததுக்கு அரக்கு முத்திரை வைப்பது எப்படி என்பதை வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். ஒரு கடையைப் பார்த்துவிட்டுச் "சரி" என்று நான் எழுதிய ஒரு வரி, ஏழு மாதக் குழந்தையொன்றைப் பதுளை பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. அதை எந்த வகுப்பிலும் சொல்ல மாட்டார்கள்.

எண்பதுகள் தொடங்கிய நேரம். டின்னில் அடைத்த உணவுக்குத் திகதி போட வேண்டும், திகதி கடந்ததை விற்கக்கூடாது என்பதெல்லாம் அப்போது புதுப் பேச்சு. கடைக்காரருக்கும் புதிது, எங்களுக்கும் புதிது. எனக்கு முப்பது வயது ஆகவில்லை. சுகாதாரப் பரிசோதகர் என்ற பெயரும், கையில் ஒரு தோல் பையும், தலையில் கொஞ்சம் கனமும் இருந்தன. என் வாப்பா பதுளைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடைக்காரன் மகனான என்னை எந்தக் கடைக்காரன் ஏமாற்றுவான் என்ற திமிர் வேறு.

எல்ல என்ற ஊருக்குப் போகிற பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் ஏறினால் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம், அங்கே கடை வைத்திருந்தவரின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் தோட்டத்து மருந்துச்சாலையிலிருந்து எங்களுக்கு ஒரு துண்டுக் கடிதம் வந்தது. கைக்குழந்தைகள் சிலதுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் விடாமல் இருக்கிறது, எல்லாம் டின் பால்மாவைக் கரைத்துக் குடிக்கிற பிள்ளைகள், கடையைக் கொஞ்சம் பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். தோட்டத்துக்குள் இருந்தது ஒரே ஒரு கடை. அடுத்த கடைக்கு மலை இறங்கி பஸ் ஏற வேண்டும்.

நான் போனேன். எங்கே போனேன்? தோட்டத்தை நடத்துகிற துரையின் ஆபீசுக்கு!

அதுதான் அப்போதைய வழக்கம். தோட்டத்துக்குள் போகிற எந்த அரசாங்கக்காரனும் முதலில் ஆபீசுக்குப் போய்த் துரைக்குச் சலாம் வைத்து, வந்த காரியத்தைச் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகுதான் வேறு பக்கம் திரும்புவான். சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. வெள்ளைக்காரன் போய், தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு வந்து, நம் நாட்டு ஆட்களே துரையான பிறகும் அந்த வழக்கம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. நானும் படி ஏறினேன். பூப்போட்ட கோப்பையில் தேநீர் வந்தது, கூடவே பிஸ்கட். துரை என் ஊரைக் கேட்டார், மழையைப் பற்றிப் பேசினார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் ஆபீஸ் பியூன் மெல்லப் பின்கதவால் இறங்கிப் போனதை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்துவிட்டு இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

அரை மணி கழித்துக் கடைக்குப் போனால் தரை கழுவி ஈரம் காயவில்லை.

"வாங்க ஐயா, வாங்க! நீங்க வருவீங்கன்னு யாருக்குத் தெரியும்? சும்மா போட்டது போட்டபடி கெடக்குது" என்றார் கடைக்காரர். போட்டது போட்டபடி கிடந்த கடையில் ஒரு பருப்பு சிந்தியிருக்கவில்லை. மேல் தட்டில் பால்மா டின்கள் வரிசையாக நின்றன. ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்தேன். திகதி எல்லாவற்றிலும் நல்ல திகதி. கடைப் புத்தகத்தை நீட்டினார். "பால்மா டின்கள் பார்வையிடப்பட்டன. திகதி சரியாக உள்ளது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். இரண்டு சீப்பு வாழைப்பழம் தந்தார், வாங்கவில்லை. அதை வாங்காததில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தப் பெருமையோடுதான் வந்தேன்.

பதினைந்து நாள்கூட ஆகவில்லை. பதுளையில் எங்கள் அலுவலகத்து வாசலில் சத்தம் கேட்டது. எங்கள் பியூன் யாரையோ தடுக்கிறான், அவள் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறாள். என் வயதுதான் இருக்கும், கொழுந்து பறிக்கிற பெண். விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை. தூங்கி இரண்டு மூன்று நாள் ஆன முகம். நேரே என் மேசைக்கு வந்தாள்.

"எங்க தோட்டத்துக் கடைக்கு எழுதிக் குடுத்த ஐயா நீங்கதானா?"

"ஆமாம். என்ன விஷயம்?"

அவள் இடுப்பில் செருகியிருந்த ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். என் மேசையில் குடிக்க வைத்திருந்த தண்ணீர் கிளாசில் பாதியைக் கொட்டிவிட்டு, மிச்சப் பொட்டலத்தை மேசையில் போட்டாள். என் பேனாவை எடுத்தே கலக்கினாள். மஞ்சள் மஞ்சளாகக் கட்டி மிதந்தது. பழைய எண்ணெய்ச் சட்டியின் நாற்றம். கிளாசை என் முன்னால் தள்ளினாள்.

"குடிங்க."

நான் "என்னம்மா இது?" என்றேன்.

"நீங்க சரின்னு எழுதிக் குடுத்த பாலுதாங்க. அந்தக் கடுதாசிய புத்தகத்துலயிருந்து கிழிச்சு, கண்ணாடி போட்டு, சாமி படத்துப் பக்கத்துல மாட்டி வச்சிருக்காரு. கெட்டுப்போன வாசம் வருதேன்னு கேட்டா, 'கவுருமெண்டு ஐயா வந்து பாத்து எழுதினது, ஒனக்கு அவர விட தெரியுமா'ன்னு கேக்குறாரு. எனக்கு தெரியாதுங்க. உங்களுக்கு தெரியும்ல? குடிங்க."

நான் குடிக்கவில்லை. கிளாசைத் தொடக்கூட முடியவில்லை. அவமானத்தில் காது இரண்டும் சுட்டது.

"என் புள்ள இதத்தான் குடிச்சா. இப்ப பெரியாஸ்பத்திரியில மருந்துத் தண்ணி ஏத்தி போட்டிருக்கு. கண்ணு ரெண்டும் உள்ளுக்குப் போயிருச்சு. அழக்கூட தெம்பு இல்ல. ரெண்டு நாள் பாக்கணும்ங்கிறாரு டாக்டரு. மாமிய பக்கத்துல வச்சிட்டு உங்ககிட்ட வந்திருக்கேன். சொல்லுங்க, எதுக்கு எழுதினீங்க?"

நான் முட்டாள்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். "டின்னில் திகதி பார்த்தாயா?"

"டின்னா?" அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. "முழு டின்னு வாங்குற மொகமா இது? கரண்டியால அள்ளி, தாள்ல மடிச்சுக் குடுப்பாரு. மேல் தட்டுல நிக்கிற டின்ன சொல்றீங்களா? அது நான் வாக்கப்பட்டு வந்த நாள்லயிருந்து அங்கதான் நிக்குது. பழசானா புதுசு மாத்தி வைப்பாரு, விக்க மாட்டாரு. அது உங்க மாதிரி ஆளுக வந்தா காட்டுறதுக்கு."

கடைக்காரன் மகன் நான். சில்லறையாக அள்ளி விற்பதைப் பார்த்தே வளர்ந்தவன். தொழிலாளர் லயத்து அறையில் இருக்கிற ஒரு தாய் பால்மாவை எப்படி வாங்குகிறாள் என்று கடையில் நிற்கும்போது கேட்கத் தோன்றவில்லை. பார்க்கக் கொடுத்ததைப் பார்த்தேன், எழுதக் கொடுத்ததில் எழுதினேன்.

அள்ளிக் கொடுத்தபின் வெற்று டின் எங்கே போகிறது என்று கேட்டேன்.

"அதையும் விக்கிறாரு. எல்லா லயத்துலயும் இருக்கு. தண்ணி மோக்க, அரிசி அளக்க, வெளக்கு செய்ய. அடியில ஏதோ குத்தியிருக்கும், அதத்தானே கேக்குறீங்க? எங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு அந்த மனுசனுக்கு அவ்வளவு தெம்பு."

"நாளைக்கு நாலைந்து டின் கொண்டு வா" என்றேன்.

"வர மாட்டேன். நான் கொண்டாந்தா திருடிக்கிட்டு வந்தேன்னு ஆக்கிருவாங்க. நீங்க வாங்க. ஆபீசுல ஏறி தேத்தண்ணி குடிக்காதீங்க, பெரட்டுக்கு வாங்க. அங்க எல்லாரும் இருப்போம்."

பெரட்டு என்றால் தெரியும்தானே? விடிந்ததும் தொழிலாளர் எல்லாரும் ஒரு இடத்தில் கூடி நிற்க, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவது. நான் இங்கேதான் முதல் தடவையாக ஒரு முடிவை நானாக எடுத்தேன். மேலதிகாரியிடம் சொன்னால் "துரைக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளும்" என்பார். கடிதம் போனால் கடை மறுபடியும் கழுவப்படும். அதனால் சொல்லவில்லை. சொல்லாமல் போனது தவறு என்று உங்கள் கைநூலில் இருக்கும். இருக்கட்டும்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கி, மூச்சு வாங்க மலை ஏறினேன். பனியும் தூறலும். பெரட்டுக் களத்தில் பெண்கள் கூடையும் தலையில் சாக்குமாக நின்றார்கள். கங்காணி பெயர் கூப்பிடத் தொடங்கியிருந்தார். என் தலை தெரிந்ததும் அவள் முன்னால் வந்தாள். கூடைக்குள் கையை விட்டு ஒரு பால்மா டின்னை எடுத்தாள், தலைகீழாகப் பிடித்தாள். அவள் பின்னால் நின்றவள் எடுத்தாள். அதற்குப் பின்னால் நின்றவள் எடுத்தாள். கறுத்துப்போன டின், நெளிந்த டின், கைப்பிடி வைத்து ஒட்டிய டின். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"வாசிங்க ஐயா" என்றாள். "சத்தமா வாசிங்க."

வாசித்தேன். ஒவ்வொரு டின்னாகத் திகதியைச் சத்தமாக வாசித்தேன். விற்ற காலத்தைக் கேட்டேன், அவர்கள் சொன்னார்கள். தீபாவளிக்கு வாங்கினது, மாரியம்மன் திருவிழாவுக்கு முந்தி வாங்கினது, மக பெரியவளான வாரம் வாங்கினது. அள்ளி விற்கும்போதே எல்லாம் காலம் கடந்த டின்கள். வாசிக்க வாசிக்கக் களத்தில் முணுமுணுப்பு ஏறிக்கொண்டே போனது. ஒரு கிழவி "அடப்பாவி, நாசமாப் போக" என்று கடைப் பக்கம் பார்த்து மண்ணை வாரி எறிந்தாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். வெற்று டின்னும் பெண்களின் ஞாபகமும் கோர்ட்டில் நிற்காது. சரக்கு வேண்டும், கடைக்குள்ளிருந்து, கடைக்காரர் கண் முன்னால் எடுத்த சரக்கு. இந்தச் சத்தத்துக்கு இதற்குள் எல்லாம் பின்வாசலால் போயிருக்கும் என்று அவளிடம் சொன்னேன்.

"போகாதுங்க. முன்வாசல்ல மூணு பேரு, பின்வாசல்ல நாலு பேரு விடியுறதுக்கு முந்தியே நிக்கிறாங்க" என்றாள்.

அந்த நேரத்தில் துரை வந்துவிட்டார். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கத்தினார். "மிஸ்டர், யாருகிட்ட கேட்டு உள்ளுக்கு வந்தீங்க? போன தடவ ஆபீசுக்கு வந்தீங்கதானே? இப்ப என்ன?"

"கடைக்குள் போகச் சட்டம் எனக்கு அனுமதி தந்திருக்கிறது. உங்கள் தேநீர் குடிக்கத்தான் உங்கள் அனுமதி வேண்டும். இன்றைக்குத் தேநீர் வேண்டாம்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு என்று எனக்கு இன்றும் தெரியாது.

துரை பெண்கள் பக்கம் திரும்பினார். "இப்பவே மலைக்கு போ. போகாத ஆளுக்கு இன்னைக்குப் பேர் இல்ல." பேர் இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை. ஒருநாள் பேர் போனால் அந்த வீட்டில் என்ன குறையும் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "பேரு வேணாங்க தொர. புள்ளைகளுக்குப் பாலு வேணும்" என்றாள். சொல்லிவிட்டுக் கடையைப் பார்த்து நடந்தாள். ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரும் பின்னால் போனார்கள். நானும் போனேன், துரையும் வந்தார்.

கடையில், காசு மேசைக்கு அடியில், ஒரு பெரிய பிஸ்கட் பெட்டி. அதற்குள் அள்ளி விற்கிற மா, கரண்டியோடு. அதற்குப் பின்னால் சாக்கைப் போட்டு மூடிய டின்கள், உடைக்காதவை, அத்தனையும் திகதி போனவை. கடைக்காரர் முதலில் அது மாட்டுக்கு என்றார். பிறகு கொழும்பிலிருந்து அப்படித்தான் வந்தது என்றார். கடைசியில் என் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டார் பாருங்கள், அங்கேதான் நான் திணறினேன்.

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு போங்க ஐயா. நாளைக்கு இந்தப் புள்ளைகளுக்கு எதக் கரைச்சுக் குடுப்பாங்க? நீங்க பதுளையிலயிருந்து கொண்டாந்து குடுப்பீங்களா? இது பழசுதான், இல்லாததுக்கு இது மேல் இல்லையா?"

அந்த வாதம் உங்களிடமும் வரும். ஏழைக்கு இது போதும், இதையும் பறித்தால் அவன் என்ன செய்வான் என்று உங்களையே குற்றவாளியாக்குவார்கள். என் கை பையின் மேல் அப்படியே நின்றுவிட்டது. தாய்மார் பச்சை உடம்போடு கொழுந்துக்குப் போகிற இடம் அது. பிள்ளை மடுவத்தில் விட்டுப்போகிற குழந்தைகளுக்குப் பகலில் வேறு பால் கிடையாது. இவர் சொல்வதும் உண்மைதானே என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்துக்கு எனக்கு இன்னும் வெட்கம்தான்.

அவள் என்னைப் பார்க்கவேயில்லை. விரலை நீட்டி மேல் தட்டைக் காட்டினாள். "அத எறக்குங்க மொதலாளி. காட்சிக்கு வச்சிருக்கீங்களே, அத. இன்னைக்கு அத விக்கிறீங்க."

"முழு டின்னு நீ வாங்குவியா?"

"நான் ஒருத்தி வாங்க முடியாது. நாங்க அஞ்சு பேரு சேந்து ஒரு டின்னு வாங்குவோம். மூடியோட வாங்குவோம். பிள்ளை மடுவத்துல, எங்க கண்ணு முன்னால ஒடைப்போம். அடியில உள்ளத ஆயா வாசிப்பா, அவ அஞ்சு வரைக்கும் படிச்சவ. இனிமே இந்தத் தோட்டத்துல கரண்டிப் பாலு கெடையாது."

கடைக்காரர் துரையைப் பார்த்தார். துரை தேயிலை மலையைப் பார்த்தார். அந்தக் காலை நேரத்தில் மலையில் ஒரு கொழுந்துகூடப் பறிக்கப்படவில்லை. "எறக்கிக் குடு" என்று துரை சிங்களத்தில் உறுமினார்.

மாதிரி எடுத்தேன், அரக்கு வைத்தேன். மிச்சத்தை எல்லார் முன்னாலும் டின் டின்னாகக் குத்தி, மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்தேன். பிறகு சுவரில் மாட்டியிருந்த என் கடுதாசியை இறக்கிக் கண்ணாடிக்குள்ளிருந்து எடுத்தேன். அதைக் கிழித்துப்போடத்தான் கை துடித்தது. கிழித்தால் நான் எழுதவேயில்லை என்று ஆகிவிடும். பேனாவை எடுத்து அதன் கீழேயே எழுதினேன்: "மேலே உள்ளதை நான் சரியாகப் பார்க்காமல் எழுதினேன். அது தவறு." கையெழுத்தும் வைத்து, எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஒருத்தரும் கை தட்டவில்லை. அவள் மட்டும் "ம்" என்றாள். வாங்கி அவளே கண்ணாடிக்குள் செருகிப் பழைய ஆணியில் மாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்கு இறங்கினாள்.

கடைக்காரர் பின்னால் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். எனக்கு விசாரணை வந்தது. அனுமதி இல்லாமல் தோட்டத்துக்குள் போனது, தொழிலாளரைத் தூண்டிவிட்டது, திணைக்களத்தின் பெயரைக் கெடுக்கும்படி நானே எழுதிக் கொடுத்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். "நடைமுறையைப் பின்பற்றியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார். வழக்கு முடிந்தபின் என்னிடம் இருந்த அவளுடைய பொட்டலத்தில் கொஞ்சம் மா மிச்சம் இருந்தது. அவர்கள் முன்னால் இருந்த தண்ணீர்க் கிளாசை இழுத்து, அதில் கொட்டிக் கலக்கி, மூன்று பேருக்கும் நடுவில் வைத்தேன்.

"நடைமுறையைப் பின்பற்றி நான் சரி என்று எழுதிய பால் இது. குடித்துப் பாருங்கள் சேர்."

குடிக்கவில்லை. ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். அடுத்த வாரம் மொனராகலைக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. வெயிலில் காயட்டும் என்று அனுப்பினார்கள்.

மூட்டை முடிச்சோடு பதுளை பஸ் நிலையத்தில் நிற்கும்போது, மாற்றத்தைக் கேள்விப்பட்டு அவள் வந்தாள். இடுப்பில் குழந்தை. அந்தக் குழந்தைதான். மெலிந்து, தலை பெரிதாகத் தெரிந்தது. ஆனால் கண் மேலே வந்திருந்தது, என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அவள் நன்றி சொல்ல வந்திருப்பாள் என்று நினைத்து, "பரவாயில்லம்மா, என் கடமைதான்" என்று ஆரம்பித்தேன்.

"கடமையா? மொத தடவ வந்தப்ப அது எங்க போச்சு?" என்றாள். குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பையிலிருந்து பிரித்தாள். பஸ் உறுமியது. நான் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். அவள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"போற எடத்துலயும் ஆபீசுல ஏறி தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்காதீங்க ஐயா. நேரா கடைக்குப் போங்க."

மொனராகலையில் எனக்குக் கொடுத்த பகுதியில் ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. முதல் நாள் போனபோது ஆபீஸ் மேட்டில் இருந்தது, கடை பள்ளத்தில் இருந்தது. வாசலில் நின்ற பியூன் "துரை உள்ளே இருக்கிறார், வாங்க ஐயா, தேநீர் போடச் சொல்கிறேன்" என்று கூப்பிட்டான். நான் பள்ளத்தில் இறங்கினேன். கடையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். அவளிடம் போய், "என்னம்மா வாங்க வந்த? எப்படிக் குடுக்கிறாங்கன்னு எனக்கும் காட்டு" என்றேன்.